இரண்டு விரல் இடம் போதாதா?

ஆசிரியருக்கு,

என் காரின் முன் ஆக்சிலில் (கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) உள்பக்க, அதாவது கியர்பாக்ஸ் பக்கத்து, ஜாயின்டை மூடும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் கியர்பாக்ஸைச் சுற்றிலும் சிதறியிருந்தது. வீட்டிலேயே மாற்றினேன். ஆக்சிலைச் சக்கரத்தின் மையத்தோடு இறுக்கும் ஹப் நட்டை, கார் தரையில் நிற்கும்போதே தளர்த்தி, காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கவே கூடாது), சக்கரத்தைக் கழற்றும்வரை எல்லாம் சுலபம். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலைப் பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

நெம்புகோல் நுழைய வேண்டிய இடத்தில் காரின் அடிச்சட்டம் குறுக்கே நிற்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரல் நுனியால் தடவித்தான் ஜாயின்டின் விளிம்பைக் கண்டுபிடித்தேன். அரை அங்குலம் தவறினால் ஆயில் சீல் கீறிவிடும், பிறகு கியர் ஆயில் கசியும். திரும்பப் பொருத்துகையில், ஆக்சிலைக் கியர்பாக்ஸுக்குள் பிடித்துநிறுத்தும் பூட்டு வளையம் 'டக்' என்று உட்கார்ந்த ஒலி கேட்டபிறகுதான் மூச்சு வந்தது.

தேய்ந்து கிழியும் என்று தெரிந்தே செய்யப்படும் உறை இது. அதை மாற்றக் கை நுழைய வழிவிடாமல் காரை வடிவமைப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. நெம்பும் இடத்தையும் ஹப் நட்டை முடுக்க வேண்டிய அளவையும் உரிமையாளர் கையேட்டிலேயே தயாரிப்பாளர்கள் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்