மீட்டரில் 58

அன்புள்ள செல்விக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.4 சதவீதம் என்று வந்த ஒரே வாரத்தில், சர்க்கரை நோய் கண், கிட்னி, கால் என்று எதையெல்லாம் கெடுக்கும் என்று வீடியோ பார்த்தே படித்து முடித்திருக்கிறாய். "எனக்கு எல்லாம் தெரியும்மா, ஆனா என்னால முடியாது" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். முதல் நாலு வருஷம் நானும் உன்னைப் போலத்தான். வகுப்பில் கணையத்தைப் படம் போட்டுப் பாடம் நடத்துவேன். வீட்டுக்கு வந்தால் காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. போன ஆஸ்பத்திரியில், "இப்படியே இருந்தால் காலை எடுக்க வேண்டிவரும்" என்று திட்டி அனுப்பினார்கள். அந்தப் பயத்தில் அடுத்த செக்கப்புக்கே போகாமல் இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். கை நடுங்கியது, முதுகெல்லாம் வியர்வை. எப்படியோ வீட்டுக்கு வந்து, ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்தால் 58. வீட்டில் யாரும் இல்லை. 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருந்தார் ஒரு நர்ஸம்மா. அப்படியே செய்தேன். 84. அந்த எண்ணைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டேன். நானே என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் அல்லவா! (உனக்குக் கொடுத்திருக்கும் மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் இப்படி லோ சுகர் ஆவது அபூர்வம். பயப்படாமல் போடு.)

அதற்குப் பிறகுதான் மீட்டரைத் தைரியமாகத் தொட்டேன். நாலு இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 232. மறுநாள் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பாசிப்பயறு, தெருவில் இருபது நிமிஷ நடை, 168. நடக்கும்போது தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நம்பினேன். பி.எட். படிக்கும்போது ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளரைப் பற்றி நடத்தினார்கள். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையைத் தருவதில், நாமே செய்து ஜெயித்த அனுபவத்துக்கு ஈடில்லை என்று 1977-லேயே எழுதியவர். பரீட்சைக்காகப் படித்தது, இருபது வருஷம் கழித்து என் சமையலறையில் புரிந்தது.

அந்த 7.4-ஐ ஒரு தீர்ப்பு மாதிரி பார்க்காதே, கண்ணு. ஒரு சிவப்பணுவின் ஆயுசு சுமார் 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை கணக்கெடுக்கிறது. பழைய அணுக்கள் போய்ப் புதுசு வந்துகொண்டே இருக்கும். என் 9.1, 7.3 ஆனது அப்படித்தான். ஆறு மாதம் பிடித்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வீடியோக்களைக் கொஞ்ச நாள் நிறுத்திவை. மீட்டரில் போடும் ஸ்ட்ரிப் ஒரு டப்பா கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார். எண் எவ்வளவாக இருந்தாலும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லு. அடுத்த நாளைக்கு எதை மாற்றலாம் என்று ரெண்டு பேருமாக யோசிப்போம்.

அன்புடன்,
அம்மா