எல்லாத் தீயும் மின்கசிவு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீடு தீப்பிடித்த செய்தி எதுவாக இருந்தாலும் அதில் "மின்கசிவு காரணமாக" என்ற இரண்டு சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. தங்கள் நாளிதழிலும் அப்படித்தான். 36 ஆண்டுகள் வீடுகளுக்கு வயரிங் செய்தவன் நான். அந்தச் சொல்லால் விளையும் கெடுதலைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறையில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று இரண்டு நாளாக அலமாரியையும் தொட்டியையும் கழுவிக்கொண்டிருந்தார். பூனை எதையாவது கொண்டுவந்து போட்டிருக்குமோ என்று அடுப்பு மேடைக்கு அடியிலும் தேடியாயிற்று. நான் போனபோது நாற்றம் குளியலறைச் சுவர் பக்கமிருந்து வந்தது. வாட்டர் ஹீட்டரின் பிளக்கைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. "பிளக் சுடாமல் இருக்குமா தம்பி? ஆறு மாதமாகவே அப்படித்தான்" என்றார் அக்கா.

மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டு, சாக்கெட்டைக் கழற்றினேன். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியின் மேலுறை ஒரு விரற்கடை நீளத்துக்குக் கறுத்து, விறைத்துப்போயிருந்தது. நகத்தால் தொட்டதும் பொடிந்து உதிர்ந்தது. உள்ளே செம்பு பழுப்பாகிப் பொலிவிழந்திருந்தது. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தேன். ஒன்றரைச் சுற்று சுற்றிய பிறகுதான் இறுகியது. அத்தனை தளர்வாக இருந்திருக்கிறது. சூடேறிய பிளாஸ்டிக்தான் மீன் போல நாறியிருக்கிறது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கே ஒரு துளி மின்சாரமும் கசியவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். கசிவு என்றால் மின்சாரம் தன் கம்பியை விட்டு விலகி, ஈரச் சுவர் வழியாகவோ, கருவியின் உலோக உடல் வழியாகவோ, மனித உடல் வழியாகவோ மண்ணுக்குப் போவது. தளர்ந்த இணைப்பில் நடப்பது வேறு. மின்சாரம் தன் பாதையில்தான் போகிறது. ஆனால் அந்தப் பாதையில் ஓர் இடம் குறுகிவிடுகிறது. கணக்குப் போட எளிதாக 2,300 வாட் ஹீட்டர் ஒன்றை வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 10 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த முனையில் கால் ஓம் தடை இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் சுமார் 25 வாட் வெப்பம் உண்டாகும். ஈயம் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் அவ்வளவுதான். அதைச் சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டியில், தினமும் அரை மணி நேரம் வைத்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது ஸ்க்ரூ மேலும் தளரும். சாக்கெட்டின் பித்தளைக் கவ்விகளும் இறுக்கம் இழக்கும். தடை இன்னும் கூடும்.

இப்போது அந்தச் சொல்லின் கெடுதலுக்கு வருகிறேன். "மின்கசிவு" என்று படித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர், "கசிவைத் தடுக்கும் கருவி மாட்டிவிடுங்கள், போதும்" என்பார்கள். ஆர்.சி.சி.பி. என்ற அந்தக் கருவி கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் அளவு வேறுபட்டாலே துண்டித்து உயிரைக் காக்கும். ஆனால் தளர்ந்த இணைப்பில் போவதும் வருவதும் சமம். அதனால் அந்தக் கருவிக்கு ஒன்றுமே தெரியாது. மெயின் பெட்டியில் தானாக விழும் ஸ்விட்சான எம்.சி.பி.யும் அப்படித்தான். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால்தான் அது விழும். தளர்வினால் ஓட்டம் கூடுவதில்லை, நூலளவு குறையத்தான் செய்கிறது. மேலுறை கருகி, கம்பிகள் ஒன்றோடொன்றோ எர்த்தோடோ தொட்டுக்கொண்ட பிறகு இந்தக் கருவிகள் விழித்துக்கொள்ளும். அதற்குள் தீ பிடித்திருக்கலாம்.

ஆகவே இந்தக் கோளாறை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் வீட்டில் இருப்பவர்தான். ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ ஓடி முடிந்ததும், ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை பொறுக்காத சூடு, துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை, 'சிட் சிட்' என்ற ஓசை, பிளக் தொங்கி ஆடுவது, காரணம் தெரியாத மீன் நாற்றம் – இவற்றில் எது இருந்தாலும் அன்றோடு அந்த சாக்கெட்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். பிளக் ஆடுகிறதென்று அதன் கால்களைக் கத்தியால் அகட்டுகிறவர்களையும், இடையில் காகிதத்தை மடித்துச் செருகுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போனது சாக்கெட்டின் கவ்வி. சாக்கெட்டைத்தான் மாற்ற வேண்டும். அகட்டிய பிளக் அடுத்த சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளையில் பேனாவை விட்டு, மற்ற இரண்டு துளைகளை உள்ளே மறைத்திருக்கும் மூடியை நெம்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகளின் விரலும் ஊசியும் உள்ளே போகக்கூடாது என்று வைத்த மூடி அது. பெரியவர் நெம்புவதைப் பார்க்கும் குழந்தை அடுத்த நாள் அதையே செய்யும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். காரணம் உறுதியாகாத நாளில் "காரணம் தெரியவில்லை" என்றே வெளியிடுங்கள். தெரிந்த நாளில், எந்த இடத்தில் பிடித்தது, அதில் என்ன கருவி செருகியிருந்தது என்ற இரண்டையும் நிருபர் தீயணைப்பு வீரர்களிடம் கேட்டு எழுதட்டும். "ஹீட்டர் செருகியிருந்த சாக்கெட்டில் தொடங்கிய தீ" என்று படித்திருந்தால், சுடும் பிளக்கோடு ஆறு மாதம் இருந்திருக்க மாட்டார் என் அக்கா. அவர் தினமும் தங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வயர்மேன் ஒருவர்