படிக்கட்டு அளவு

அன்புள்ள கயல்,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறாள். மற்ற விஷயங்களை அப்புறம் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படம் வந்தது. கட்டட டிசைன் போட்டியில் மூன்றாவது தடவையாக முதல் பரிசு! வெள்ளம் ஏறினால் வகுப்பறையும் கூடவே ஏறுகிறது, கம்பம் மட்டும் அசையாமல் நிற்கிறது. கம்பத்துக்கும் தளத்துக்கும் நடுவே உருளை வைத்து, அது தேய்ந்தால் கழற்றி மாட்டவும் வழி வைத்திருக்கிறாய். நாற்பது வருஷம் சைட்டில் நின்ற எனக்கு அது தோன்றியிருக்காது. ஆறு வயதில் என் டேப்பை எடுத்து வீடு முழுக்க அளந்தவள் நீ.

படம் வந்து பதினேழு நாள் ஆகிறது. அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன் செய்தால் "மீட்டிங்ப்பா" என்கிறாய். சரி, வேலை இருக்கும். ஆபீஸ் அறைக்குப் புது மேசை வாங்கப்போவதாகச் சொன்னாயே, வாங்கியாயிற்றா?

போன முறை நீ வந்திருந்தபோது, இந்தப் பரிசெல்லாம் வேலை கொடுக்கிற பார்ட்டியைக் கொண்டுவருமா என்று கேட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாய். கேட்ட விதம் தப்பு. ஏட்டுச் சுரைக்காய் என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. தம்பியை உட்கார வைத்துத் தேடச் சொல்லி, ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸாஹா ஹதீத் என்ற ஆர்க்கிடெக்ட் 1983இல் ஹாங்காங் மலைமேல் வர இருந்த 'தி பீக்' கிளப்புக்கான போட்டியில் ஜெயித்தார். உலகமே பேசியது, கட்டடம் வரவில்லை. அவர் பெயரை நிலைநாட்டிய கட்டடம், ஜெர்மனியில் விட்ரா என்ற நாற்காலி மேசை கம்பெனியின் தீயணைப்பு நிலையம், 1993இல்தான் முடிந்தது. நடுவில் பத்து வருஷம். பாடம் எடுத்தார், விடாமல் வரைந்தார். படிக்கும்போது எனக்கு அவர் ஜெயித்தது பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பத்து வருஷம் வீட்டுக்குப் போன் செய்தபோதெல்லாம் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் மனசு போனது.

இன்னொருவர் பின்லாந்து ஆர்க்கிடெக்ட் இலியல் சாரினென். 1922இல் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகைக் கட்டடத்துக்கான போட்டியில் இரண்டாம் இடம்தான். ஆனாலும் அடுத்த வருஷமே அமெரிக்கா போனார், கிரான்புரூக் கல்வி வளாகத்தைக் கட்டும் வேலை அவர் கைக்கு வந்தது. பரிசு வேலையைக் கொண்டுவரும் என்பதற்கு நீ இவரைக் காட்டலாம். ஆனால் கயல், அவர் போட்டிக்கு முன்பே ஹெல்சிங்கி ரயில் நிலையத்தைக் கட்டி முடித்தவர்.

அந்த இரண்டுமே கட்டுவதற்காக வைத்த போட்டிகள். நீ கலந்துகொள்வது ஐடியா போட்டி. மனை கிடையாது, சொந்தக்காரர் கிடையாது, நுழைவுக் கட்டணமும் உன் கைக்காசு. நடுவர்கள் உன் தொழில்காரர்கள். அவர்கள் மெச்சினால் பாடம் எடுக்கக் கூப்பிடுவார்கள், பெரிய ஆபீசில் இடம் தருவார்கள், அது நல்லதுதான். வீடு கட்ட மாட்டார்கள். கட்ட வருகிறவர் கேட்பது வேறு. ஒழுகுமா, எஸ்டிமேட்டைத் தாண்டுமா, மேஸ்திரி தப்பு பண்ணினால் நீ வந்து நிற்பாயா? கட்டிய வீடு ஒன்றைக் காட்டு என்பார். காட்டினால், அந்த வீட்டுக்காரரிடம் உனக்குத் தெரியாமல் போய் விசாரிப்பார். அதெல்லாம் சரியாக இருந்து, உனக்குக் கொடுப்பதா இன்னொருவருக்கா என்று அவர் தயங்கும்போதுதான் சுவரில் மாட்டிய பரிசுக்கு வேலை.

அதனால் ஒரு சின்ன வேலை எடு. குளியலறையானாலும் சரி, முன்பக்கத் திண்ணையானாலும் சரி. வருஷத்துக்கு ஒரு போட்டி போதும். சின்ன வேலை ஒன்றை முதலில் முடிம்மா.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். சின்ன வேலை எடு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நம் வீட்டில் மாடி கட்டிய விஷயத்தை நீ கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு எஞ்சினியரிடம் பிளான் வாங்கினேன். "அவளுக்குப் பெரிய போட்டி இருக்கிறது, தொந்தரவு வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். நீ போட்ட பிளானைப் பார்த்து மேஸ்திரி சிரித்துவிடுவானோ, ஒழுகினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். உன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. "நம்ம பொண்ணு பண்ணமாட்டாளா?" என்று சித்தப்பா கேட்டபோது பேச்சை மாற்றினேன். அடுத்த மாதம் அவரும் தன் வீட்டை வெளி ஆளிடம் கொடுத்தார். பெற்றவனே கொடுக்காத வேலையை அவர் எந்த தைரியத்தில் கொடுப்பார்? பார்ட்டி வரவில்லையே என்று உன்னைச் சாப்பிடவிடாமல் கேட்டவன், வந்த இரண்டு பார்ட்டியையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ எழுந்துபோனது அதனால்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்த மாடிப் படிக்கட்டில் அம்மாவால் ஏற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றுவிடுகிறாள். நேற்று அளந்தேன். தரையிலிருந்து மாடித் தளம் 10 அடி 3 அங்குலம். 15 படிகள், ஒரு படி 8 அங்குலத்துக்கு மேல் வருகிறது. மிதி 9 அங்குலம், அகலம் 2 அடி 9 அங்குலம். திருப்பத்தில் நின்று திரும்ப லேண்டிங் இல்லை, முக்கோணப் படி வைத்திருக்கிறார்கள். மேற்குப் பக்கம் 3 அடி தள்ள இடம் இருக்கிறது, பீம் எங்கே போகிறது என்று தம்பி படம் எடுத்து அனுப்புவான்.

அதை இடித்துவிட்டு நீ கட்டிக் கொடு. ஃபீஸ் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று எழுதி அனுப்பு. அப்பாவிடம் வாங்குவதா என்று யோசிக்காதே. சைட் பார்க்க என்றைக்கு வருகிறாய் என்றும் சொல்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஆபீஸ் அறையைக் காலி செய்யப்போகிறாய் என்று தம்பி சொன்னான். இந்த மாதம் செய்யாதே.