இனியெஸ்டா கடந்துவந்த இருள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்பெயின் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் இனியெஸ்டா குறித்து தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பார்சிலோனா கிளப்புக்காக 9 லா லிகா (ஸ்பெயின் உள்நாட்டு லீக்) பட்டங்கள், 4 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி) கோப்பைகள், 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 116-ஆவது நிமிடத்தில் நெதர்லாந்துக்கு எதிராக அடித்த கோல் என எல்லாம் இருந்தன. சரி, ஆனால் அந்தக் கோலுக்கு முந்தைய ஓராண்டைக் கட்டுரை தொடவே இல்லை. 2009 ஆகஸ்டில் அவருடைய நண்பர், பார்சிலோனா நகரின் மற்றொரு கிளப்பான எஸ்பான்யோலின் அணித்தலைவர் டானி ஹார்கே 26 வயதில் மாரடைப்பால் இறந்தார். அந்தக் காலகட்டத்தில் காயங்களோடு மனச்சோர்வும் சேர்ந்து இனியெஸ்டாவை முடக்கியது. அவர் உளவியல் நிபுணரின் உதவியை நாடினார். பிற்பாடு அதை வெளிப்படையாகவும் பேசினார். கோல் அடித்ததும் சட்டையைக் கழற்றி, உள்ளே ஹார்கேயின் பெயர் எழுதிய பனியனை உலகுக்குக் காட்டி, அதற்காக மஞ்சள் அட்டையும் வாங்கினார். என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆட்டவாழ்வின் மிகப் பெரிய சாதனை அந்த மீட்சிதான்.

பள்ளி அணிக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். முழங்காலில் வலி என்றால் பையன்கள் உடனே ஓடிவந்து சொல்வார்கள். மனம் சரியில்லை என்றால் காரணம் சொல்லாமல் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். ஓய்வுபெற்ற வீரர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் சோர்ந்து கிடந்த நாட்களையும் மீண்டுவந்த வழியையும் சேர்த்தே வெளியிடுங்கள். கூடவே, இளம் வீரர்களின் கேள்விகளுக்கு உளவியல் நிபுணர் ஒருவர் பதில் சொல்லும் சிறு பகுதியை மாதம் ஒருமுறையாவது தொடங்கலாம்.

— ஒரு வாசகர்