அரையாண்டு விடுமுறைக்கு முன், பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடி அணி மாவட்டப் போட்டி வரை போய் வந்தது, அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. உழைத்த எல்லோருக்கும் வாழ்த்து.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மதிய இடைவேளையில் பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பது நம் விதி. ஓர் அம்மாவை மட்டும் தினமும் எப்படி விடுகிறீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்டதில் தவறில்லை. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு பதில் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு அனோரெக்ஸியா என்ற உணவுக் கோளாறு. இது அடமும் இல்லை, டயட்டும் இல்லை. எவ்வளவு மெலிந்தாலும் குண்டாகிவிடுவோமோ என்ற பயம் விடாது. பட்டினியில் நாடித்துடிப்பு குறையும், எப்போதும் குளிரும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோகும். உயிருக்கே ஆபத்தாகலாம். ஆண் பிள்ளைகளுக்கும் வரும்.

இதற்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான ஒரு சிகிச்சை முறை உண்டு. என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் கொஞ்ச காலம் பெற்றோரே முடிவு செய்து, ஒவ்வொரு வேளையும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஓர் இட்லிக்கு முக்கால் மணி நேரம், நடுவில் அழுகை, தட்டைத் தள்ளிவிடுவது, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. மாதக்கணக்கில் இப்படித்தான். நோயிடம்தான் கோபம், பிள்ளையிடம் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொள்வதாக அந்த அம்மா என்னிடம் சொன்னார். அவர் வருவது சலுகை அல்ல, மருந்து.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "வளர்ப்பு சரியில்லை" என்று எழுதப்பட்டதைப் பார்த்தேன். இந்த நோய் வளர்ப்பின் குறையால் வருவதல்ல. அந்தப் பதிவுகளை இன்றே நீக்கிவிடுங்கள். எந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றியும் இனி அங்கே பேச்சு வேண்டாம். எங்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு: உடற்கல்வி வகுப்பில் எடையை எல்லோர் முன்னும் உரக்கப் படித்துவந்தோம். அதை நிறுத்திவிட்டோம்.

டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறதா, சாப்பிட்டவுடன் பிள்ளை பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறதா, எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துவிட்டுத் தான் மட்டும் ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வை வேண்டும். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். பொங்கலுக்கு வரும் உறவினர்கள் "என்ன இப்படி ஊதிட்டே?", "இளைச்சுட்டியே!" என்று ஆரம்பித்தால் தயவுசெய்து பேச்சை மாற்றிவிடுங்கள்.

தங்கள் பிள்ளைகளை மதிய உணவின்போது அந்தப் பிள்ளையின் மேசையில் உட்காரச் சொல்லி அனுப்பிய மூன்று வீட்டாருக்கு மனமார்ந்த நன்றி. அங்கே சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, கிரிக்கெட்தான். போன வாரம் ஒரு நாள் தயிர்சாதம் முழுவதும் காலியானது.

அன்புடன்,
தலைமையாசிரியர்