கர்தினால் காலென் வாழ்க்கை நூல்: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பானவர்களே,

கிளெமென்ஸ் அவுகுஸ்ட் ஃபொன் காலென் ஆண்டகையின் வாழ்க்கையைத் தமிழில் சிறு நூலாக எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோது, “அவர் யார், எங்களுக்கும் அவருக்கும் என்ன?” என்று கேட்டவர்கள் பலர். கேட்டவர்களே அப்புறம் உதவிக்கும் வந்து நின்றீர்கள். நூல் இப்போது அச்சாகிவிட்டது. இந்த மடல் உங்களுக்கு.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஜேர்மனித் தமிழர்கள், சைவர்களும் சேர்த்துத்தான், கெவெலார் மாதாவிடம் போகிறோம். அந்தத் திருத்தலம் மூன்ஸ்டர் மறைமாவட்டத்தில் இருக்கிறது. 1933 முதல் 1946 வரை அந்த மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர் காலென். எனக்கு இதைவிட நெருங்கிய காரணமும் உண்டு. என் தம்பி டவுண் சின்ட்ரோமோடு பிறந்தவன். 1941இல் இந்த நாட்டில் இருந்திருந்தால் அவன் பெயரும் நாசி அரசு கொல்லத் தேர்ந்தவர்களின் பட்டியலில் ஏறியிருக்கும். அந்தப் பட்டியலுக்கு எதிராகப் பிரசங்க மேடையிலிருந்து வாய்திறந்தவரைப் பற்றி எங்கள் மொழியில் ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதல் நன்றி எங்கள் பங்குத்தந்தைக்கு. மறைமாவட்டத்தில் யாரிடம் என்ன கேட்கலாம் என்று வழிகாட்டினார், தன் அலமாரியையும் திறந்துவிட்டார். டிங்க்லாகெ கோட்டைக்கு என்னைத் தன் காரில் கூட்டிப்போன அக்காவுக்கு அடுத்த நன்றி. காலென் 1878 மார்ச் 16ஆம் திகதி பிறந்தது அங்கேதான். பிரபுக் குடும்பத்தின் பதின்மூன்று பிள்ளைகளில் அவர் பதினோராவது. அப்பா பேர்டினாண்ட் பிரபு, கத்தோலிக்கரின் கட்சியான மத்திய கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். கோட்டை என்றதும் பட்டும் பளிங்கும் மனதில் வரும். அவர் சின்ன வயதில் அங்கே குழாய்த் தண்ணீர்கூட இல்லை, சில அறைகளில் மட்டுமே கணப்பு இருந்தது. காலையில் பூசை, மாலையில் செபமாலை, இடையில் கண்டிப்பு. இன்று அந்தக் கோட்டை பெனடிக்ட் சபைக் கன்னியரின் மடம்.

அந்தக் குடும்பத்துக்கு ஆயர் பதவியும் புதிது இல்லை. 17ஆம் நூற்றாண்டில் மூன்ஸ்டரை ஆண்ட இளவரச ஆயர் கிறிஸ்தோப் பேர்னார்ட் ஃபொன் காலென் இதே குலத்தவர். அவர் பீரங்கிகளுக்குப் பெயர் போனவர். பின்னால் வந்தவர் கையில் இருந்தது சொல் மட்டும்தான்.

1904இல் குருவான காலென், 1906 முதல் 1929 வரை பெர்லினில் பணியாற்றினார். கைவினை இளைஞர்கள், வேலை தேடி வந்த ஏழைகள் என்று அவர் பழகிய உலகம் அங்கே முற்றிலும் வேறு. ஷோனபெர்க் பகுதியில் அவர் பங்குத்தந்தையாக இருந்த புனித மத்தியாஸ் ஆலயத்தைக் குளிரில் நின்று படம் பிடித்து அனுப்பிய பெர்லின் தம்பிக்கு நன்றி. நூலின் பத்தாம் பக்கப் படம் உன்னுடையது.

இனி, நான் அதிகம் கடமைப்பட்டவர் ஓய்வுபெற்ற ஜேர்மன் ஆசிரியை ஒருவர். 1941ஆம் ஆண்டின் மூன்று பிரசங்கங்களையும் என்னோடு வரி வரியாக வாசித்தார். ஜூலை 13, ஜூலை 20, ஆகஸ்ட் 3. முதல் இரண்டும், இயேசு சபையினரையும் மற்றத் துறவிகளையும் நாசிகளின் இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ தெருவில் விட்டதைப் பற்றியவை. மூன்றாவதுதான், மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் அரசு இரகசியமாகக் கொல்கிறது என்று மூன்ஸ்டரின் லம்பேர்ட்டி ஆலயத்தில் வெளிப்படையாகச் சொன்னது.

அந்தப் பிரசங்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஆசிரியை காட்டித் தந்தார். ஒரு கொலை நடக்கப்போவது தெரிந்தும் அதிகாரிகளிடம் சொல்லாதவனுக்குத் தண்டனை என்றது அன்றைய ஜேர்மன் குற்றவியல் சட்டத்தின் 139ஆம் பிரிவு. காலென் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மரியன்தால் மனநல மருத்துவமனையிலிருந்து நோயாளிகள் கொண்டுபோகப்படுவதைப் பற்றி ஜூலை 28ஆம் திகதியே அரசு வழக்கறிஞரிடமும் காவல்துறைத் தலைவரிடமும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தார். பதில் வரவில்லை என்பதையும் மக்களிடம் சொன்னார். அப்புறம் ஒரு விவசாயியின் கதை. ஐம்பத்தைந்து வயதுக்காரர், மரியன்தாலில் இருந்தவர். போர்முனையிலிருந்து விடுமுறையில் வந்த மகன் அவரைப் பார்த்துவிட்டுப் போகிறான். மகன் களத்தில் இறந்துவிடக்கூடும் என்பதால் பிரிவது கடினமாக இருக்கிறது. ஆனால் இனி அவர்கள் சந்திக்காமல் போனால் அதற்குக் காரணம், தகப்பன் ‘பயனற்றவர்’ பட்டியலில் இருப்பதுதான். மனிதன் பழைய இயந்திரமா, நொண்டிக் குதிரையா, பால் வற்றிய மாடா என்று காலென் கேட்கும் இடத்தில் ஆசிரியை வாசிப்பை நிறுத்திவிட்டார். நானும் ஒன்றும் பேசவில்லை.

அதற்குள் ஏறக்குறைய 70,000 பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்னான். கொலைகள் அதோடு முடியவில்லை. பட்டினியாலும் மருந்தாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே தொடர்ந்தன. இதை நூலில் தெளிவாகவே எழுதியிருக்கிறேன். ஆயரைத் தூக்கிலிட வேண்டும் என்று நாசிகளில் சிலர் கேட்டார்கள். மூன்ஸ்டர் இருக்கிற வெஸ்ட்பாலியா மக்களின் ஆதரவைப் போர் முடியும் வரை இழக்க முடியாது என்று பிரசார அமைச்சன் கோயபல்ஸ் தடுத்தான்.

பிரசங்கத்தைத் தட்டச்சில் படியெடுத்து இரகசியமாகக் கைமாற்றியவர்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு ஒரு முதிய அம்மா உதவினார். அவருடைய தாயும் இரவில் கார்பன் தாள் வைத்து அடித்தவராம். லூபெக்கில் இந்தப் பிரசங்கங்களைப் பரப்பிய மூன்று கத்தோலிக்கக் குருக்களும் ஒரு லூதரன் போதகரும் 1943 நவம்பர் 10ஆம் திகதி ஹாம்பர்க்கில் தலை வெட்டப்பட்டார்கள். ஆயர் உயிர் தப்பினார், அவர்கள் தப்பவில்லை. அந்த நால்வர் பெயரையும் நூலின் முதல் பக்கத்தில் போடச் சொன்ன அம்மாவுக்கு என் தனி வணக்கம். ஜோஹன்னஸ் பிரசெக், ஹெர்மன் லாங்கெ, எடுவார்ட் முல்லர், கார்ல் பிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்க்.

கையெழுத்துப் பிரதியை வாசித்த அன்ரி ஒருவர், “நீங்கள் புனிதர் கதை எழுதவில்லை, வரலாறு எழுதுகிறீர்கள்” என்று சொல்லி இரண்டு விடயங்களைச் சேர்க்க வைத்தார். 1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிந்தபோது காலென் பகிரங்கமாகக் குரல் எழுப்பவில்லை. சோவியத் ஒன்றியத்தின் மீதான போரையும் அவர் ஆதரித்தார். இரண்டும் உண்மை. அவரை நேசிக்கிற எனக்கு அவை வலிக்கின்றன, ஆனால் அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் மற்றப் பக்கங்களை யாரும் நம்பத் தேவையில்லை. அன்ரி, மனமார்ந்த நன்றி.

கடைசி அத்தியாயம் சிறியது. 1946 பெப்ரவரியில் உரோமையில் கர்தினால் ஆனார். மார்ச் 16, தன் 68ஆவது பிறந்தநாளில், குண்டுகளால் இடிந்த மூன்ஸ்டருக்குத் திரும்பினார். ஆறு நாளில் குடல்வால் வெடித்து இறந்தார். 2005 அக்டோபர் 9ஆம் திகதி, புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

பக்கங்களை வடிவமைத்த அண்ணா கோயிலுக்குப் போகிற சைவர். ஒரு சதமும் வாங்கவில்லை. பிழை திருத்திய இரண்டு பிள்ளைகளுக்கும், அச்சுச் செலவைப் பகிர்ந்த குடும்பங்களுக்கும், தாள்களை ஒன்றுவிடாமல் மடித்து அடுக்கிய என் தம்பிக்கும் நன்றி.

பிரதிகள் பங்கு மண்டபத்தில் இருக்கின்றன, விலை இல்லை. கெவெலார் திருவிழா அன்றும் கொண்டுவருவேன். கண் பார்வை குறைந்த பெரியவர்களுக்காக ஒலிப்பதிவு செய்ய விருப்பமுள்ளவர்கள் அன்று என்னோடு பேசுங்கள்.

அன்புடன்,
நூலைத் தொகுத்தவள்