பதினைந்து சதவீத வெள்ளிக்கு ஒரு நன்றி

அன்பு நேயர்களே,

நேற்றுக் காலை நம் 1340 ஏஎம் வானொலியில் ஃபிடிலும் பெடல் ஸ்டீல் கிதாரும் திரும்பிவிட்டன. கோபுரத்தடியில் தரைக்கம்பிகளைப் பதித்து முடிக்கும்வரை நிலையம் மௌனமாகக் கிடந்தது இந்த டென்னசி ஊரில் தெரியாதவர் இல்லை. தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பாத நிலையத்தின் உரிமம் தானாகவே காலாவதியாகும். அந்த நாள் வருமுன் உயிர் வந்துவிட்டது.

பணம் போட்டவர்கள், கேக் விற்றுத் தந்த தேவாலயத்துப் பெண்கள், டிராக்டரும் ஒற்றைக் கொழுக் கலப்பையும் தந்த பக்கத்து நிலத்துக்காரர், கம்பிச்சுருள் உருட்டிய பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் நன்றி. ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: ஏசி பழுதுபார்க்கப் போகும் வழியில் வேலியோரம் வண்டியை நிறுத்தியவருக்கு.

ஏஎம் வானொலியில் கோபுரமே ஆன்டெனா. 1340 கிலோஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 56 மீட்டர். ஆனால் பாதி ஆன்டெனா மண்ணுக்குள் இருக்கிறது: கோபுர அடியிலிருந்து 3 டிகிரிக்கு ஒன்றாக 120 செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் 56 மீட்டர், மொத்தம் 6.7 கிலோமீட்டர். ஒவ்வொரு கம்பியும் அடியைச் சுற்றிய செம்புப் பட்டையில் பற்றவைக்க வேண்டும். அவர் வந்தபோது ஈயப் பற்றாசு வைத்து 40 இணைப்புகள் முடிந்திருந்தன.

குனிந்து பார்த்தவர், இது மண்ணுக்குள் நிற்காது என்றார். உண்மைதான். ஈயப் பற்றாசு 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். கோபுரத்தில் இறங்கும் இடி இந்தக் கம்பிகள் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. போதாததற்கு அமில மண் அதை அரிக்கும். விட்டுப்போன இணைப்பு மேலிருந்து பார்த்தால் தெரியாது. நல்ல தரைக்கம்பிகள் இருந்தால் கோபுர அடியில் மின்தடை ஏறக்குறைய 36 ஓம் காட்டும். 14 ஓம் மண் இழப்பு சேர்ந்து 50 ஆனால், 1,000 வாட்டில் 280 வாட் மண்ணைச் சூடாக்கவே போய்விடும். முதலில் இழப்பது தொலைவில் உள்ள பண்ணை வீட்டு நேயர்களை.

ஏசியின் செம்புக் குழாய்களை அதிகச் சூட்டில் பற்றவைக்கப் பயன்படுத்தும் பிரேசிங் கம்பிகளை வண்டியிலிருந்து எடுத்து வந்தார். செம்பும் பாஸ்பரசும், 15 சதவீதம் வெள்ளியும் கலந்தவை. செம்போடு செம்பு சேர்க்க ஃபிளக்ஸ் (பற்றும் இடத்தைச் சுத்தமாக்கப் பூசும் பொருள்) தேவையில்லை. உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்க வேண்டும். தடித்த பட்டையைத்தான் முதலில் சூடாக்க வேண்டும். மெல்லிய கம்பியில் சுடரைக் காட்டினால் அது உருகி அறுந்துவிடும். மங்கிய சிவப்பு வந்ததும் பிரேசிங் கம்பியைத் தொட்டால், சுடரால் அல்ல, செம்பின் சூட்டாலேயே உருகி இடுக்குக்குள் ஓடும். குளிரும்வரை அசைக்கக் கூடாது. இரும்பில் மட்டும் இதை வைக்கக் கூடாது, பாஸ்பரஸ் இணைப்பை நொறுங்க வைத்துவிடும்.

இரண்டு பொட்டலமும் தன் டார்ச்சும் விட்டுப் போனார். அடுத்த இரண்டு மாலையும் தானே வந்து, அந்த 40ஐயும் வெட்டியெடுத்துத் திரும்பப் பற்றவைத்தார். காசு வாங்கவில்லை. இதே 1340இல் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன; இரவில் நம் குரல் ஊர் எல்லையைத் தாண்டுவதே அரிது. அவ்வளவு சிறிய நிலையத்துக்காக மூன்று மாலைகள்!

இனி ஒவ்வொரு ஏப்ரலிலும் 120 கம்பிகளின் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து குறித்து வைப்போம். ஆறு இணைப்புகளைத் தோண்டியும் பார்ப்போம். அவர் கைபட்ட 40ஐ அல்ல, எங்கள் கைபட்ட மற்ற 80இல் ஆறை.